ஊரா, காலனியா?

தலைவர் கையில் மைக்கைக் கொடுத்தால் முதலில் அதை ஊதிப் பார்ப்பார். பிறகு சுட்டு விரலால் இரண்டு தட்டு. “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்பார். திண்டிவனத்தில் நாங்கள் கூட்டம் போடும் மண்டபத்தின் மாடி அறை மிகச் சிறியது. கடைசி நாற்காலியில் இருப்பவர் இருமினால் மேடைக்குக் கேட்கும். மைக்கே தேவையில்லை. ஆனாலும் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருக்கு, குரல் ஒரு கருவி வழியாகப் போனால்தான் பேசியதாகத் தோன்றும். நாள் முழுவதும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு “ஹலோ, கேக்குதா?” என்று மற்றவர்களைக் கேட்டுவிட்டு வந்திருந்த எங்கள் உறுப்பினர்கள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்: “கேக்குது தலைவரே!”

எங்களுடையது அவசர அழைப்புகளை எடுப்பவர்களின் சங்கம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மருத்துவமனையின் அவசரப் பிரிவு என எங்கே போன் அடித்தாலும் எடுத்து, எங்கே, என்ன என்று கேட்டு, வண்டியை அனுப்பி வைப்பவர்கள். ஒரு கூட்டம் விழுப்புரத்தில் நடந்தால் அடுத்தது திண்டிவனத்தில். நான் அழைப்பு எடுப்பவள் அல்ல. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் திரைகளையும் பதிவுக் கருவிகளையும் பார்த்துக்கொள்கிறேன். எதையும் வரிசை போட்டு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் பார்த்துத்தான் தலைவர் என்னைச் செயலாளர் ஆக்கினார். பிறகு நான் எழுதிய எந்த வரிசையையும் அவர் பின்பற்றவில்லை. ஷிப்ட் நேரம், காது வலி, பெண்களுக்கான ஓய்வறை, புதியவர்களுக்குப் பயிற்சி என்று நான் எழுதிக்கொண்டு போவேன். வரவேற்புரை, சால்வை, குரூப் போட்டோ, தலைவர் தன் கொல்லையிலிருந்து அவித்துக் கொண்டுவரும் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, என்று கூட்டம் நடந்து முடியும். வெறும் கையோடு அவர் வந்து நான் பார்த்ததில்லை. யாரையும் கடிந்து பேசியும் கேட்டதில்லை. அவரைப் பற்றிக் குறை சொல்ல வாயெடுத்தால் முதலில் மல்லாட்டைதான் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

எங்கள் மையத்தில் அழைப்பு எடுத்த அக்கா ஒருவர் திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர். அழுகிறவரை நிதானத்துக்குக் கொண்டுவரும் குரல் அவருக்கு. எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் ஊர் ஓரிடத்திலும் காலனி சற்றுத் தள்ளி இன்னோரிடத்திலும் இருக்கும். வண்டிகள் ஊருக்குள் போய் நின்றுவிட்டு, பிறகு வழி கேட்டுக் காலனிக்குப் போவது அடிக்கடி நடந்ததால், நிர்வாகம் திரையில் ஒரு கேள்வியைச் சேர்த்தது. ஊர் பெயரைக் கேட்டதும் “ஊரா, காலனியா?” என்று கேட்க வேண்டும். எல்லாரும் கேட்டார்கள். அக்கா கேட்கவில்லை. “வாசல்ல நின்னா என்னா தெரியுது? தண்ணி டேங்கா, ஸ்கூலா?” என்று கேட்டு இடத்தைப் பிடிப்பார்.

“வலிக்குதுன்னு அழறவங்ககிட்ட நீ இன்னா சாதின்னு நான் கேக்கமாட்டேம்மா,” என்றார் ஒருநாள் டீ குடிக்கும்போது. “அட்ரஸ்தான் கேக்கறோம்னு நீங்க சொல்லிக்கினு இருங்க. பதில் சொல்றவங்களுக்குத் தெரியும் இன்னா கேக்கறாங்கன்னு.” அவர் வீடு காலனியில். என் வீடு ஊருக்குள். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

பிறகு முகையூர் பக்கமிருந்து அந்த அழைப்பு வந்தது. கணவருக்கு வாய் கோணிக்கொண்டது, கை தூக்க முடியவில்லை என்று ஒரு பெண் பேசினார். எதிரில் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்க, “மாரியம்மன் கோயிலுக்கு எதுத்தாப்பல” என்றார் அவர். அக்கா அதைப் பதிந்து வண்டியை அனுப்பினார். அந்தப் பெயரில் ஊரில் ஒரு கோயில், காலனியில் ஒரு கோயில். வண்டி ஊர்க் கோயிலின் முன்னால் போய் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. கணவர் பிழைத்துக்கொண்டார், வலது கை மட்டும் திரும்பவில்லை. விசாரணை முடியும்வரை அக்கா சீட்டில் உட்காரக் கூடாது என்று உத்தரவு வந்தது. வேலையே போய்விடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அக்கா அழவில்லை. “கேட்டிருந்தா வண்டி சரியாப் போயிருக்கும். அது எனக்குத் தெரியாதா?” என்றார் என்னிடம். “அந்தக் கையை நெனச்சா சோறு எறங்கல. ஆனா கேக்காம சரியா அனுப்ப ஒரு வழி வேணும்னு இத்தினி நாளா கேட்டுக்கினுதானே இருக்கேன்? சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்குது?”

வழி இருந்தது, அதுவும் சிக்கலில்லாதது. வரைபடத்தில் ஒரு பெயருக்கு ஒரே புள்ளி இருந்தது. இரண்டு குடியிருப்புக்கும் தனித்தனிப் புள்ளி வைத்து, கோயில், டேங்க், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவற்றோடு சேர்த்துவிட வேண்டும். அடையாளம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்க வேண்டும். திரையில் இருக்கும் கேள்வியை எடுத்துவிட வேண்டும். மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு விழுப்புரத்தில் கூடிய அவசரக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மைக்கை ஊதினார்.

“இது கொஞ்சம் சென்சிடிவ் மேட்டரும்மா. நம்ம சங்கத்துல எல்லா ஜனமும் இருக்குது. தீர்மானம்னு போட்டா ரெண்டு பக்கமும் பேஜாரு.”

“எந்த ரெண்டு பக்கம் தலைவரே? பேரச் சொல்லுங்க,” என்றார் அக்கா.

தலைவர் சிரித்தார். “பாத்தீங்களா, அக்காவுக்கு எப்பவும் நக்கலு. மல்லாட்டைய எடுத்துக்கம்மா, ஆறிப்போவுது.”

அக்கா ஒன்றை எடுத்து உடைக்காமல் விரலில் உருட்டினார். “எந்தக் கொல்லையில வெளஞ்சது தலைவரே? ஊரா, காலனியா?”

பின் வரிசையில் கிளம்பிய சிரிப்பு பாதியிலேயே நின்றது. தலைவர் காதில் அது விழாதது போல அடுத்த பொருளுக்குப் போனார். அடுத்த பொருள் ஆண்டு விழா.

இருந்தாலும் விசாரணைக்குத் தானே கூட வருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேலாளர் அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். தலைவர் பேச ஆரம்பித்தார். சங்கத்தின் ஆண்டு விழாவைப் பற்றி. மேலாளர்தான் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்றார். தேதி பார்த்தார்கள். எந்த மண்டபத்தில் காற்று வரும் என்று பேசினார்கள். என் மடியில் தீர்மானத்தின் நகல் இருந்தது. அக்கா சுவரில் ஓடிய மின்விசிறியின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவர் குரலைத் தாழ்த்தி, “நம்ம பொண்ணு நல்ல பொண்ணு சார். ஏதோ தெரியாம நடந்துபோச்சு. இனிமே கேப்பா,” என்றார்.

“தெரியாம இல்ல சார்,” என்றார் அக்கா. “தெரிஞ்சுதான் கேக்கல. இனிமேலும் கேக்கமாட்டேன்.”

நான் புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதுவதாக மேலாளர் சொன்னார். அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. பழைய அழைப்புப் பதிவுகளை வகை பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே போன் கிடையாது. படியில் இறங்கும்போது தலைவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது. “பாத்தியாம்மா? வேலைக்கு ஒண்ணும் ஆவல. பேசற விதத்துல பேசினா எல்லாம் நடக்கும்.”

“ஆமா தலைவரே, நல்லா பேசனீங்க,” என்றார் அக்கா. “யாருக்காவப் பேசனீங்கன்னுதான் தெரியல.”

தலைவருக்கு நிஜமாகவே அது புரியவில்லை. இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது அதுதான். கெட்ட எண்ணம் உள்ளவராக இருந்திருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். அவரோ அக்காவின் தோளைத் தட்டி, பஸ் ஏற்றிவிட்டு, வீடு போய்ச் சேர்ந்தாயா என்று போனும் செய்தார்.

அக்கா சில வாரங்களில் வேலையை விட்டார். ஆண்டு விழா நடந்தது. மேலாளர் பொன்னாடையோடு மேடையில் இருக்க, தலைவர் ஒரு சாதனையை அறிவித்தார்: சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, திரையில் இனி “ஊரா, காலனியா?” இராது, “எந்தப் பகுதி?” என்றுதான் இருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேனா என்று நினைவில்லை. மறுநாள் முதல் அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் கேட்கிறார்: “எந்தப் பகுதி?” “இன்னா மேடம்?” “பகுதிங்க, பகுதி... ஊரா, காலனியா?”

முழங்கால் வலியால் தலைவர் பதவி விலகிவிட்டார். இப்போது சங்கத்தை நான் நடத்துகிறேன். சால்வையை நிறுத்திவிட்டேன், அதற்கே மூன்று பேர் என்னோடு பேசுவதில்லை. உறுப்பினர்கள் தங்கள் பக்கத்துக் குடியிருப்புகளை எல்லாம் சுற்றி, புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தார்கள். அதை ஏற்றுவதற்கான அனுமதி மேலிடத்தில் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள்.

சென்ற வாரம் நிர்வாகம் ஒரு பதிவை அனுப்பி, சிறந்த அழைப்பு, பயிற்சியில் போட்டுக் காட்டுங்கள் என்றது. ஒரு பெண் பேசுகிறார். “காலனி மேடம். ஊருக்குள்ள போயிடாதீங்க, காலனி.” அதன் பிறகுதான் ஊர் பெயர். எடுத்தவர் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வண்டி நேராகப் போனது. முழு மதிப்பெண்.

அக்கா இப்போது பொம்மையார்பாளையத்தில், கடலோர விடுதி ஒன்றில் போன் எடுக்கிறார். “ரூம் இருக்குதான்னுதான் கேக்கறாங்க, நிம்மதி,” என்பார். போனில் அவரிடம் ஊர் பெயர் சொல்லாமல் இந்த அழைப்பைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“கேக்காமலே சொன்னாங்களா?”

“ஆமாக்கா.”

அலைச் சத்தத்துக்கு நடுவே அடுத்ததைக் கேட்டார்.

“யாருக்கு இன்னா ஆச்சுன்னு எப்பச் சொன்னாங்க?”

பதிவை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

“கடைசியிலக்கா.”