காய்ச்சல் காயாத பிள்ளை

ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போதுதான் அதை முதலில் கண்டேன். என் மகள் றெஜினாவின் வெள்ளைச் சப்பாத்து காலில் ஏறவில்லை. அதற்கு முந்திய மாதம் நடக்க நடக்கக் கழன்று விழுந்த சப்பாத்து அது. வலிந்து போட்டுக் கொண்டுபோனேன். பூசை முடிந்து வந்து கழற்றினால், வார் கிடந்த இடம் பள்ளமாக அப்படியே இருந்தது. விரலால் அமத்திப் பார்த்தேன். என் விரலின் அடையாளமும் மறையாமல் நின்றது.

அன்று கோவில் வாசலில் எத்தனை பேர் அவளுடைய கன்னத்தைக் கிள்ளினார்கள். "இப்பதான் ரஞ்சி, பிள்ளை உடம்பு வைச்சிருக்கிறாள்" என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வயது கழிந்தும் நடக்கப் பஞ்சிப்படுகிற (சோம்புகிற) பிள்ளைக்குக் கன்னம் வந்தால் எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் வராது?

இதை வாசிக்கிற தாய்மாருக்கு முதலில் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிள்ளை உடம்பு வைத்துவிட்டது என்று ஊர் சொன்னால், அதன் காலை அமத்திப் பாருங்கள்.

நாங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கர். என் கணவர் பரவைக்கடலில் (ஆழமில்லாத கடலில்) வலை வைப்பவர். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த காலத்தில் றெஜினா கைக்குழந்தை. அந்தக் காலம் போய்த் தொழில் மீண்டும் தொடங்கிய பிறகும் வீட்டில் சாப்பாடு பழைய நிலைக்கு வரவில்லை. பிறகு மாரி மழையோடு அவளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. வயிற்றோட்டம் நின்றதும் தோல் மாறத் தொடங்கியது. காலிலும் இடுப்பிலும் கறுத்து, பழைய படகில் பெயின்ற் உரிவதுபோல உரிந்தது.

கணவரின் அக்கா, என் மச்சாள், பக்கத்து வளவில் இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். அவர் வந்து பார்த்துவிட்டு, "உது கிரந்தியடி. மீன், முட்டை ஒண்டும் காட்டாதை" என்றார்.

கிரந்தி என்றால் யாழ்ப்பாணத்தில் சொல்லித் தரத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் (சில சாப்பாடுகளால் உடம்பில் சூடு ஏறித் தோல் வெடிக்கும் என்று நாங்கள் நம்பும் கோளாறு). கிரந்திக்குச் சூடை ஆகாது, சூரை ஆகாது, இறால், நண்டு, முட்டை எதுவும் ஆகாது. விளைமீனும் ஓராவும் பத்தியத்துக்கு நல்லவை. ஆனால் விளைமீனும் ஓராவும் கரைக்கு வந்த கையோடு கூலர் வாகனத்தில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். எங்கள் குசினிக்கு வந்து சேர்வது விலைபோகாத சின்னச் சூடைதான். ஆகவே மீன் பிடிக்கிறவரின் மகளுக்குக் கஞ்சியும், பால் இல்லாத பிளேன்ரீயில் தோய்த்த விசுக்கோத்தும் கிடைத்தன.

அவளின் தோல் உரிந்தது பசியால் என்று அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பசியில் உரிந்த தோலுக்கு மருந்தென்று சாப்பாட்டைக் குறைத்தோம்.

அறியாத சனம் அப்படித்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். நான் படித்தவரிடமும் போனேன். கடைத்தெருவில் இருக்கும் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு அவளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த வைத்தியர் கதிரையை விட்டு எழும்பாமலே பார்த்தார்.

"கிரந்திதான். கிறீம் ஒண்டு தாறன், பூசுங்கோ. சாப்பாட்டிலை கவனம்."

"டொக்டர், பிள்ளை சலம் போகேக்கை முகத்தைச் சுழிக்கிறாள். மணமும் ஒரு மாதிரி இருக்குது."

"காய்ச்சல் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஒண்டுமில்லை. தண்ணி காணாது. தண்ணி குடுங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னால், மச்சாள் தன் நெற்றியில் கையை வைத்தார். "வீங்கின பிள்ளைக்குத் தண்ணியோ? ஊத்தி ஊத்தி உடைக்கப் போறியோ?" இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அரைக் கோப்பை, அரைக் கோப்பையாகக் கொடுத்தேன். சலத்தின் (சிறுநீரின்) மணத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு சின்னப் போத்தலில் சலத்தைப் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பின்னால் அறிந்தபோது, என் உடம்பெல்லாம் எரிந்தது.

ஒருநாள் காலையில் றெஜினா சாப்பிட எதையும் கேட்கவில்லை. தூக்கினாலும் அழவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது. ஓட்டோ பிடித்து அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே ஒரு பெண் வைத்தியர் அவளின் மேற்கையைச் சுற்றி நிற நாடா ஒன்றைப் பிடித்தார். நாடா ஆபத்தைக் காட்டும் சிவப்பில் நின்றது. காலை அமத்தினார். பிறகு என்னை இருக்கச் சொன்னார்.

"அம்மா, இவ கொழுக்கேல்லை. வீங்கியிருக்கிறா. சாப்பாட்டிலை புரதம் இல்லாமல் இரத்தத்திலை இருக்கிற தண்ணி தோலுக்குக் கீழை வந்து நிக்குது."

அதற்குப் பெயர் கடும் போசணைக் குறைபாடு (உடம்பு தன்னையே தின்னுமளவுக்குச் சத்துக் குறைவது). வீக்கமாயிருந்தபடியால் சிறுநீரகமும் பழுதோ என்று பார்க்கச் சலத்தை எடுத்தார்கள். வீக்கம் சிறுநீரகத்தால் வந்ததல்ல. ஆனால் சலத்தில் கிருமி இருந்தது. சிறுநீர்ப்பாதைத் தொற்று (சலம் போகும் வழியில் கிருமி பிடிப்பது). அது மேலே ஏறிச் சிறுநீரகம் வரை போயிருந்தது.

"காய்ச்சல் இல்லையே டொக்டர்" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"காய்ச்சல் காயிறதுக்கும் உடம்பிலை பலம் வேணும் அம்மா. இவவிட்டை அது இல்லை. இப்பிடிப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் இல்லாமலே கிருமி பரவும்."

இதை வைத்தியம் படித்தவர்கள் படித்திருப்பார்கள்தானே. பிறகேன் காய்ச்சல் இல்லை என்றதும் எங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? அன்றிலிருந்து இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் நான் விட்டதில்லை.

கிருமிக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள். சாப்பாடு என்று மருந்துப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, கரண்டிக் கணக்கில் கொடுத்தார்கள். வயிறு நிறையக் கொடுங்கள் என்று நான் மன்றாடினேன். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் இதயம் தாங்காது என்றார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள். அழுகை வரும். ஆனாலும் வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டாதீர்கள்.

பால் கரைத்துக் கொண்டுவந்த தாதி ஒருத்தி, எங்கள் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புரதம் இல்லையாமே."

"தங்கச்சி, மீன் எங்கடை கையாலைதான் போகுது. வாய்க்கு வாறேல்லை" என்றேன். அவள் பிறகு சிரிக்கவில்லை. நல்ல பிள்ளைதான். அவளுக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீக்கம் வற்றத் தொடங்கியது. அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். கன்னம் போனது, கால் போனது, விலாவெலும்பு வெளியே வந்தது. பார்வையாளர் நேரத்தில் வந்த என் கணவர் கட்டிலடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது? உருண்டையாய்க் கொண்டுவந்து விட்ட பிள்ளை. எலும்பைத் தாறியள்."

பக்கத்துக் கட்டிலடியில் நின்ற வைத்தியர் திரும்பினார். "ஐயா, இதுதான் உங்கடை மகள். மற்றது தண்ணி."

என் கணவர் றெஜினாவின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். புயலில் வலை முழுதும் போனபோதும் அழாத மனிதர் அன்று அழுதார்.

எங்கள் செபக்குழுவில் இருந்து ஒரு அக்கா பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார், நன்றாகச் செபித்தார். போகும்போது, "ஆண்டவர் தந்த சோதனை எண்டு ஏற்றுக்கொள்ளு பிள்ளை" என்றார்.

நான் நாள் தவறாமல் செபமாலை சொல்லுகிறவள். ஆனாலும் அதை என்னால் விழுங்க முடியவில்லை. "அக்கா, ஆண்டவர் எங்கடை கடலிலை மீனைத்தான் தந்தவர். கூலர் வாகனத்தை அவர் அனுப்பேல்லை. சலத்தைச் சோதிக்க வேண்டாமெண்டும் அவர் சொல்லேல்லை. அவரிலை பழியைப் போடாதையுங்கோ." அக்கா தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

றெஜினா உயிரோடு வீட்டுக்கு வந்தாள். கதை அதோடு முடியவில்லை. எடை ஏறிக்கொண்டு வரும்போதே மணம் திரும்ப வந்தது. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை, நேரே கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். மறுபடியும் தொற்று. பிறகு ஸ்கான் எடுத்தார்கள். வலது சிறுநீரகம் சிறுத்து, தழும்பு விழுந்திருந்தது. சலப்பையில் இருந்து சலம் கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பிப் போகிறதாம்.

"மற்றக் கிட்னி டொக்டர்?" என்று கேட்டேன்.

"அது நல்லாயிருக்கு. அதைக் காப்பாத்திறதுதான் இனி எங்கடை வேலை, உங்கடை வேலை. சலத்தை அடக்க விடாதையுங்கோ. கழுவேக்கை முன்னுக்கிருந்து பின்னுக்குக் கழுவுங்கோ. மருந்தை நிப்பாட்டாதையுங்கோ. பிறஷர் எப்பவும் பாக்கவேணும். பெரியபிள்ளையாகேக்கை, பிறகு கலியாணம் கட்டிப் பிள்ளை தங்கேக்கை, கட்டாயம் டொக்டருக்கு இதைச் சொல்லவேணும்."

என் மகளுக்கு அப்போது சரியாகக் கதைக்கவும் தெரியாது. அவளின் பிள்ளைப்பேற்றைப் பற்றி நான் பயப்படத் தொடங்கிவிட்டேன்.

வீட்டில் சூடையைப் பொரித்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். மச்சாள் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"சூடையோ குடுக்கிறாய்?"

"ஓம் மச்சாள். அவளின்ரை கிரந்திக்கு உதுதான் மருந்தாம்."

"சரி சரி, டொக்டரம்மா எங்கடை வளவிலேயே இருக்கிறா, நாங்கள்தான் வீணாய் ஆசுபத்திரிக்கு அலைஞ்சம்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, சோற்றுக் கோப்பையை என்னிடம் இருந்து வாங்கினார். "உப்பிடியோ முள் எடுக்கிறது? தள்ளு." கடைசி வாய் வரை அவரே ஊட்டினார். எழும்பும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

மச்சாளில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. அதைப் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். "ஆரிலை கோபம்?" என்று சுவாமி கேட்டார். "ஒரு ஆளெண்டு சொல்லத் தெரியேல்லை சுவாமி" என்றேன். "அப்ப அதை வீணாக்காதையுங்கோ. ஆருக்கெண்டாலும் பிரயோசனப்படுத்துங்கோ" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளையின் தோல் உரிந்தால், சலம் மணத்தால், காய்ச்சல் இல்லை என்று யார் சொன்னாலும் எழும்பாதீர்கள். சலத்தைச் சோதியுங்கோ என்று சொல்லிவிட்டு அந்தக் கதிரையிலேயே இருங்கள். மரியாதை கெட்டவள் என்பார்கள். சொல்லட்டும்.

முன்பெல்லாம் என் நாள் கோவில் மணியோடும் கடலுக்குப் போனவர் திரும்புவதோடும் ஓடியது. இப்போது இன்னொரு உடம்பின் உள்ளே இருந்துகொண்டு வாழ்கிறேன்போல இருக்கிறது. விடிய எழும்பி றெஜினா பின்வளவில் போய்க் குந்துவாள். நான் அடுப்பை விட்டுவிட்டுக் காது கொடுத்து நிற்பேன். முக்கல் இல்லாமல், முனகல் இல்லாமல், ஒரே ஓட்டமாகச் சலம் மணலில் விழுகிற சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு விடிகிறது.