மனுவைத் தள்ளிய அதிகாரி

பதினொன்றே காலுக்கு என் மகள் எழுந்து நின்று, "இந்த மனு செல்லாதுங்க சார், போட்டவர் கோர்ட்டுல தண்டனை வாங்கினவர்" என்றாள். கள்ளக்குறிச்சி ஒன்றிய அலுவலகத்தில், எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கான மனுப் பரிசீலனை அது. அவளும் போட்டியிட்டாள், முன்மொழிந்தவன் நான். அவள் சொன்ன ஆள் ஏற்கெனவே தலைவராக இருந்தவர். அவரை எதிர்த்துப் பேசிய ஒருவரின் கரும்புத் தோட்டம் எரிந்ததை ஊரே அறியும். வாசலில் அவருடைய ஆட்கள் நின்றார்கள்.

தேர்தல் அதிகாரி ஒல்லியானவர், முன்வழுக்கை. யார் பேசினாலும் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். மகள் நீட்டிய தீர்ப்பின் நகலைப் படித்தபோது மூடி கைதவறி விழுந்தது. அவருக்கும் பயம் என்று புரிந்ததும் நான் எழுந்தேன்.

"சார், நாங்க சொன்னத வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றேன்.

"நீ கம்முனு இருப்பா" என்றாள் மகள்.

"வாங்கினாலும் எனக்குத் தெரிஞ்சு போச்சேங்க" என்றார் அதிகாரி. "நின்னா ஜெயிப்பாரு. அத பாக்கறது என் வேல இல்ல." மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்டார்.

அப்போது அந்த மனிதரே உள்ளே வந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாப்பா, நல்லா பேசினியாமே. எந்த பஸ்ல போறீங்க?"



"பஸ்ஸுல போகல" என்றார் அதிகாரி. "என் ஜீப்புல அனுப்பறேன்."

பத்திரமாக வீடு வந்தோம். அன்று அந்த அதிகாரி எதில் வீடு போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.