நாய்த்தீனிப் பாக்கெட்டோடு நாகலூர் வரை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரி பார்க்கப் போவார்கள், குளிருக்குப் போவார்கள். நான் கறி பார்க்கப் போனேன். நாய்க்கென்று பச்சைக்கறியை அரைத்து, உறைய வைத்து, பாக்கெட்டில் விற்கிறார்களே, அந்தக் கறி. அதை எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்க்காமல் இனி எங்கள் நாய்க்கு ஒரு துண்டும் போடுவதில்லை என்று முடிவு செய்து, போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். இந்தத் தீனி வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று என் மகள் சொன்னதால் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்லக்கூடாது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். போனில் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தருகிறது. பிழையை மகள் திருத்தினாள்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் நானும் வீட்டுக்காரரும் இருபத்திரண்டு வருஷம் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தோம். அவர் வெட்டுவார். நான் எடை போடுவேன், குடல் கழுவுவேன், ஆடு பிடிக்கப் போகும்போது கூடப் போவேன். கடை வாசலில் ஒரு நாட்டு நாய். ஒரு வேலையும் செய்யாமல் வருகிற போகிறவர்களை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் என்பதால் மேனேஜர் என்று பேர் வைத்தார். ஒன்பது வருஷமாக, கடையில் வெட்டும்போது விழுகிற பச்சைக்கறிதான் அதற்குச் சாப்பாடு. போன மார்ச்சில் அவர் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், பத்து மணிக்கு இல்லை. நான் கடையை மூடிவிட்டேன்.

மேனேஜர் சோற்றைத் தொடவில்லை. தயிர், முட்டை, பால் எல்லாம் வைத்துப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெங்களூரில் இருக்கிற மகள்தான் இந்தப் பாக்கெட்டைக் கண்டுபிடித்தாள். ஏற்காட்டு மலையில் செய்து சேலத்தில் ஒரு கடைக்கு அனுப்புகிறார்கள். அரை கிலோ நூற்றெண்பது ரூபாய். கொஞ்ச நாள் நன்றாகத் தின்றது. போன செப்டம்பரில் வாந்தி, பேதி. நின்றது, மறுபடியும் வந்தது. அப்புறம் பாக்கெட்டைப் பிரித்தாலே எழுந்து போய்விடும். இருபத்தாறு கிலோ இருந்த நாய் இருபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. கால்நடை டாக்டர், கறி கெட்டிருக்கும், வேக வைத்துப் போடுங்கள், இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் தாங்காது என்றார். வேக வைத்ததையும் அது தொடவில்லை. வேறு கடையில் கறி வாங்கிப் போடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இன்னொருவர் கறிக்கடையில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவர் வளர்த்த நாய். அதுவும் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான்.

பாக்கெட் மேல் மலையிலிருக்கிற விலாசம் இருந்தது, போன் நம்பரும் இருந்தது. பேசினேன். வாங்க, எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க என்றார்கள். நாய்த்தீனி விற்கிறவர்களை மதிப்பிட இதுவே முதல் பரீட்சை என்பேன். வராதே என்று சொல்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். எங்கள் தெருவில் ஆம்னி வண்டி ஓட்டுகிற மாது அண்ணனைப் பேசினேன். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு. அறுபது வயதுக்காரர், வாய் ஓயாது. முன் சீட்டில் மேனேஜர் ஏறி உட்கார்ந்ததும், "ஏனுங்க அம்மிணி, ஓனரு பின்னாடி, மேனேஜரு முன்னாடிங்களா?" என்றார். எடுத்துப்போன சாமான்: ஒரு தெர்மாகோல் பெட்டி, அதில் பத்து ரூபாய் ஐஸ், ஐஸுக்கு நடுவே வீட்டு ஃப்ரீசரில் பிரிக்காமல் கிடந்த ஒரு பாக்கெட்.

காலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பினோம். சேலத்திலிருந்து நேராக ஏறுகிற ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்கெனவே வாந்தி எடுக்கிற நாயை அதில் கொண்டுபோக வேண்டாம் என்று குப்பனூர் வழியாகப் போனோம். தூரம் கூட, திருப்பம் குறைவு, கூட்டமும் இல்லை. வீட்டிலிருந்து குப்பனூர் பதினாறு கிலோமீட்டர். அங்கே இட்லி, டீ, இரண்டு பேருக்கும் தொண்ணூறு ரூபாய். மேனேஜருக்கு இட்லியைக் காட்டினேன், வேண்டாம் என்றது. அதற்கப்புறம் ஏற்றம். பாதி மலையில் பனி வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. காபிச் செடிக்கு நடுவே சில்வர் ஓக் மரமெல்லாம் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. மேனேஜர் ஜன்னலில் மூக்கை வைத்து மலையையே மோந்துகொண்டு வந்தது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் அதன் காது நிமிர்ந்து நின்றது. ஏற்காடு டவுனைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் நாகலூர். மொத்தம் நாற்பத்தேழு. போய்ச் சேரும்போது எட்டு இருபது.

தீனி செய்கிறவர் ஸ்டீபன் தம்பி. நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்னே ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக, கூலிக் கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். எஸ்டேட் பங்களா நாய்களுக்கு அரைத்துக் கொடுத்துப் பழகி, இப்போது அதையே தொழிலாக வைத்திருக்கிறார். மனைவி ரோஸ்லின் பாக்கெட் போடுகிறார். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து இரண்டு பேரும் வாசலிலேயே விறைப்பாக நின்றார்கள். நாய் பேரைச் சொன்னதும் ஸ்டீபன் சிரித்துவிட்டார். "எஸ்டேட்ட உட்டு வந்தும் மேனேஜரு இன்ஸ்பெக்சன் உடமாட்டேங்கறாருங்க."

நான் முதலில் பார்த்தது அரைக்கிற மெஷினை. கறியை யாரும் நன்றாக அடுக்கிக் காட்டலாம், மெஷினின் கழுத்து பொய் சொல்லாது. கழற்றச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினேன். நேற்றைய கொழுப்பு ஒட்டியிருந்தால் விரல் வழுக்கும், புளித்த வாடை வரும். ஒன்றுமில்லை, சுடுதண்ணி ஊற்றிக் கழுவிய வாடைதான். அப்புறம் தண்ணி போகிற ஓட்டை, கத்தி, மேஜைக்கு அடியில். எல்லாம் சுத்தம். கறியைப் பார்த்தேன். கோழிக்கழுத்து, ஆட்டுக்குடல், ஈரல், கூடப் பரங்கிக்காய். ஈரல் பளபளவென்று இருந்தது, அழுத்தினால் குழி விழுந்து நிற்கவில்லை. அரைத்த கறியைக் கையில் எடுத்து இரண்டு விரலால் தேய்த்தேன், எலும்பு மணல் மாதிரிதான் உறுத்தியது, குத்தவில்லை. ஒரு குறை சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், குறை கிடைக்காததில் எனக்குத்தான் ஏமாற்றம். அப்போ என் நாய்க்கு என்னதான் ஆச்சு?

பெட்டியிலிருந்து என் பாக்கெட்டை எடுத்து, அவர்கள் ஃப்ரீசரிலிருந்த ஒரு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர்களுடையது செங்கல் மாதிரி தட்டை. என்னுடையது ஒரு பக்கம் தொப்பை விழுந்து, ஒரு மூலையில் ரத்தத்தண்ணி சேர்ந்து சிவப்பு ஐஸாக நின்றது. ஒருமுறை உருகி, சாய்ந்து கிடந்து, மறுபடி உறைந்தால்தான் இப்படி ஆகும். இது எங்க கடையில் எனக்குத் தெரிந்த பாடம்.

கீழே எப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். முன்னே மச்சினர் ஜீப்பில் நேராகப் போகுமாம். அவர் ஜீப்பை விற்றுவிட்டதால் செப்டம்பரிலிருந்து பஸ்ஸில். காலை ஆறு மணிக்கே பெட்டியைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாப் கடையில் வைத்துவிடுவாராம். ஐஸ் வைப்பதில்லை. பஸ் சில நாள் ஏழு மணிக்கு வரும், சில நாள் எட்டரை.

"ஐஸு எதுக்குங்க அக்கா? இங்க எதுங்க கெடும்? ஊரே ஃப்ரிட்ஜு மாதிரி கெடக்குது," என்றார்.

மலையில் பிறந்தவர் மட்டும்தான் இப்படி நினைக்க முடியும். நம்ம ஊரில் எட்டு மணிக்குக் கறியை வெளியே வைக்க யாருக்கும் தைரியம் வராது. அவருக்கு உடம்பு குளிர்ந்தால் கறியும் குளிர்ந்திருக்கும் என்று நினைப்பு. நான் வாதாடவில்லை. செங்கல் மாதிரி இருந்த பாக்கெட்டை எடுத்து வாசல் பெஞ்சில் வைத்தேன். மணி ஒன்பது. பனி அப்படியே நின்றது, நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ரோஸ்லின் காபி போட்டுக் கொடுத்தார். அவர்கள் தோட்டத்துக் காபி, அதற்காகவே இன்னொரு தரம் போகலாம். பதினொன்றே காலுக்குப் பெருவிரலால் பாக்கெட்டை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. ஸ்டீபனையும் அழுத்தச் சொன்னேன். அழுத்திவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் எஞ்சின் சூட்டுல கீழ எறங்கணும் தம்பி. சேலம் வெயிலு இருக்குது. கடைக்காரரு பத்தரைக்குத்தான் வந்து மறுபடியும் ஃப்ரீசர்ல போடுவாரு," என்றேன்.

ரோஸ்லின் விடவில்லை. "ஏனுங்க, ஐஸு வெச்சு அனுப்புங்கன்னு நானு எத்தன தரம் சொன்னேன்? நாஞ் சொன்னா காதுல ஏறாது. கீழ இருந்து அக்கா நாயோட வரோணும்."

"எத்தன ஊட்டு நாயிங்க தின்னுச்சோ," என்றார் ஸ்டீபன் மெதுவாக. அப்போதே போனை எடுத்து, அந்த வாரம் போன பாக்கெட்டையெல்லாம் விற்க வேண்டாம் என்று சேலம் கடைக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஆனால் நான் வந்த காரியம் பாதிதான் முடிந்திருந்தது. அன்றைக்கு அரைத்த புதுக்கறியை ஒரு தட்டில் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார் ஸ்டீபன். மேனேஜர் இறங்கவே இல்லை. அரைத்த கறியின் வாடை வந்ததும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, காரணத்தையும் கண்டுபிடித்து, நாய் தின்னவில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

அரைக்காத கறி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். கோழிக்கழுத்தும் ஈரலும் கொடுத்தார். அங்கே மூலையில் கறி வெட்டுகிற புளியங்கட்டை ஒன்று. அதை இழுத்துப் போட்டு, கத்தியைக் கையில் எடுத்தேன். ஏழு மாசமாக நான் கத்தி பிடிக்கவில்லை, சமையலுக்குக்கூட அரிவாள்மணைதான். முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது வெட்டுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மேனேஜர் வண்டியிலிருந்து குதித்து, நேராக வந்து, கட்டைக்கு இடது கைப் பக்கம் உட்கார்ந்தது. எங்கள் கடையில் வீட்டுக்காரர் வெட்டும்போது அது உட்காருகிற இடம்.

ஒரு துண்டு போட்டேன். தின்றது. இன்னொன்று. அதையும் தின்றது. மாது அண்ணன் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "அம்மிணி, மேனேஜரு டூட்டிக்கு வந்துட்டாருங்க," என்றார். சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகப் போடக்கூடாது என்று கால் கிலோவோடு நிறுத்தினேன். அதற்கு மேனேஜர் என்னை முறைத்தது.

மதியம் ரோஸ்லின் வீட்டுச் சாப்பாடு. காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு மணிக்குக் கிளம்பி ஏற்காடு ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏரி பார்க்கவில்லை என்றால் மகள் திட்டுவாள். இறங்கும்போது மாது அண்ணன் கேட்காமல் இருபது வளைவு வழியாகவே விட்டார். ஒரு வாந்தி இல்லை. வீடு வந்து சேர நாலே முக்கால்.

போகிறவர்களுக்கு, வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் வடிவத்தைப் பாருங்கள், சாய்ந்திருந்தால், மூலையில் சிவப்பு ஐஸ் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்த நாள் அரைத்தது, என்ன கறி, ஈரல் எவ்வளவு என்று மேலே எழுதியிருக்க வேண்டும். ஐஸ் உருக, பாக்கெட்டை முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், அடுப்பங்கரையில் வெளியே வைக்காதீர்கள். உருகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைய வைத்தால் கிருமி தூங்கும், சாகாது என்று டாக்டர் சொன்னார். அதனால் நாய்த்தட்டு தனி, கை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நாகலூருக்குக் காலை எட்டு மணிக்குள் போனால் அரைப்பதையே நேரில் பார்க்கலாம். சால்வை எடுத்துப் போங்கள்.

ஸ்டீபன் இப்போது ஐஸ் நிரப்பிய பெட்டியோடு அவரே வாரம் ஒருமுறை கீழே வருகிறார். மேனேஜர் இருபத்து நாலரை கிலோ. வாரத்தில் நாலு நாள் பாக்கெட், மூன்று நாள் நானே வெட்டிப் போடுகிறேன். அதற்குக் கறி வாங்க, போன மாசம் முதல் தடவையாகச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் உள்ளே போய் ஈரல் கேட்டேன். கடைக்காரர் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அது வேண்டாங்க, நேத்தையது, மேல தொங்கறதுல குடுங்க என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, கறிக்கடைங்களா?"

"ஆமாங்க," என்றேன்.