அடுப்படி ஜன்னல்ல யாரோ கேட்ட புஸ்தகங்க

அப்பல்லாம் புஸ்தகத்தைப் பிரிச்சா தோல் வாடை அடிக்கும்...

எங்க வீட்டுக்காரருக்குத் தோல் மண்டியில வேலை. அவரு சட்டை தொங்குற ஆணிக்குக் கீழதான் என் புஸ்தகம் இருக்கும்.

கல்யாணமாகி பேகம்பூர் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த புதுசு. பகல் பூரா தனியாக் கெடப்பேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்ல. லெண்டிங் லைப்ரரி அண்ணன் வாரா வாரம் சைக்கிள்ல வந்து வாசல்ல ஒரு புஸ்தகம் குடுத்துட்டுப் போவாரு. அதுதான் எனக்கு உசிரு.

அதுவரைக்கும் குடும்பக் கதை தவிர எதையும் தொட்டதில்ல. மாமியா கொடுமை, கடைசியில சுபம். அம்புட்டுதான் நம்ம ரேஞ்சு!

திடீர்னு ஒரு வாரம் துப்பறியும் கதை வந்துச்சு. அடுத்து ராஜா காலத்துக் கதை. அப்புறம் வேத்துக் கிரகம், ருஷ்ய மொழிபெயர்ப்பு, பாதி புரியாத கவிதை... எழுதுனவுக யாரையும் நான் கேள்விப்பட்டதே கெடையாது. ஆனா எடுத்தா கீழ வைக்க முடியல. அடுப்புல வெஞ்சனம் தீயிற வாடை வந்தாத்தான் எந்திரிப்பேன்.

எப்படிண்ணே இம்புட்டு நல்லதாப் பாத்துக் கொண்டாரீகன்னு ஒரு நா கேட்டேன்.

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

"நீங்கதானம்மா நான் சந்து வழியாத் திரும்புறப்ப அடுப்படி ஜன்னல்ல நின்னு அடுத்த புஸ்தகம் சொல்றீக? முகம் தெரியாது, குரல்தான் கேக்கும்."

அந்நேரம் நான் வாசல்லயே ஒக்காந்து படிக்க ஆரம்பிச்சிருப்பேன். உள்ள வேற யாருமே கெடையாது.

பக்கத்து வீட்டுல மெல்ல விசாரிச்சேன். எங்களுக்கு முன்னாடி ஒரு டீச்சர் இருந்தாகளாம். ஒத்தையாளு. எந்நேரமும் அந்த ஜன்னலோரம் புஸ்தகமும் கையுமா நிப்பாகளாம். அந்த வீட்டுலயே உசுரு போயி மௌத்தாயிட்டாக.

வீட்டுக்காரருகிட்ட சொன்னா அன்னிக்கே காலி பண்ணிருவாரு. புஸ்தகம் நின்னு போகும். எனக்குப் பேயை விட அதுதான் பெரிய பயம். வாயே தெறக்கல. பிஸ்மி சொல்லிக்கிட்டே அடுப்படிக்குள்ள போவேன்.

ஒரு மதியம் ஒரு கதையை முடிச்சுட்டு அழுதுக்கிட்டே, "ரொம்ப நல்லாருந்துச்சுக்கா"ன்னு வெறும் அடுப்படியப் பாத்துச் சொன்னேன்.

சாத்தியிருந்த ஜன்னல் மெல்லத் தொறந்துச்சு.

காத்துன்னே வச்சுக்குவோம்...

அப்புறம் ஓனர் வீட்டை வித்துட்டாரு. தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் மாறினோம். சாமான் ஏத்துறப்ப நான் அழுத அழுகைக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. அக்காவைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு இருந்துச்சு.

அங்க வேற லைப்ரரிக்காரர். என்ன வேணும்னு கேட்டாரு. குடும்பக் கதைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது ஒரு எழுத்தாளர் பேரு. நான் எங்கயும் படிச்சதில்ல, கேட்டதுமில்ல. அவருக்கும் தெரியல. தேடிப் பாக்குறேன்னு போனவரு அடுத்த வாரம் கொண்டாந்து குடுத்தாரு.

நெசமாவே அப்படி ஒருத்தர் இருந்தாரு!

இப்ப போனைத் தொறந்தா, இதைப் படிச்சீங்கல்ல, இதையும் படிங்கன்னு வரிசையாக் காட்டுது. எல்லாம் முன்னாடியே படிச்ச மாதிரிதான் இருக்கு. நானாக் கேக்கத் தெரியாததை எவன் இப்பக் குடுக்குறான்?

போன மாசம் புத்தகக் கண்காட்சியில ஸ்டால்காரர்கிட்ட ஒரு பேரைச் சொல்லி இருக்கான்னு கேட்டேன். கூட வந்த மக என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அம்மா... இப்ப பேசுனது உன் குரலே இல்லம்மா."

எனக்குப் பயம் வரல. அக்காவை விட்டுட்டு வந்துட்டோமேன்னு இத்தனை வருசமா அடிச்சுக்கிட்டிருந்த மனசு, அன்னிக்குத்தான் அடங்குச்சு.