பூசணிக்காய் உடைத்த வாசல்

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜை நாள். திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்தக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். பூஜை வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. திருஷ்டி கழித்த பூசணிக்காயை வாசற்படியிலேயே ஓங்கி உடைத்தேன். ஓரமாகக் கூட்டித் தள்ளச் சொன்னார் முதலாளி. "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கி வரப் போய்விட்டேன்.

அன்றே ரயிலேற வேண்டிய பண்டல் ஒன்று மீதமிருந்தது. எங்கள் லோடுமேன் சேவூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பண்டலைத் தலையில் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கினார். பூசணித் துண்டில் கால் வைத்ததும் சறுக்கிவிட்டது. அவர் ஒருபுறம் விழ, பண்டல் அவர் கால்மேல் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது.

அவரை மாட்டு வண்டியில் ஏற்றும் சந்தடியில், பொரியோடு திரும்பி வந்த நான் துண்டுகளை அவசரமாகக் கூட்டித் தள்ளினேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்!

"ஊர்க்கண்ணு பட்டுருச்சு, நாம என்ன பண்ண முடியும்?" என்றார் முதலாளி. எல்லோரும் ஆமாம் போட்டார்கள், நானும்தான். திருஷ்டி மேல் பழி விழுந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் கடையின் தப்பில்லை என்று ஆகிவிட்டால் அவருக்குக் கால் சரியாகும்வரை கூலி கிடையாது. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், மாவுக்கட்டுப் போட்ட காலருகே உட்கார்ந்து அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"தெரியுமுங்க. உள்ளங்கால்ல பூசணி வெதை ஒட்டீட்டிருந்துச்சுங்க" என்றார் அமைதியாக.

"அப்புறம் ஏனுங்கண்ணா யார்கிட்டயும் சொல்லல?"

"நாஞ் சொன்னா உங்க வேலை போயிருமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அவர் என்னை வேலையை விட்டுத் துரத்தவில்லை. லோடுமேனுக்குக் கால் கூடும்வரை கடை தரும் முழுக் கூலியையும் வாராவாரம் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு லோடுமேன் அண்ணன் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். நான் பூசணிக்காயை ஓங்கியபோது, விளக்குமாறும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க ஒடைங்க, நாங் கூட்டிக்கறனுங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டேன்.

இன்றும் எங்கள் வீட்டில் பூசணிக்காயை யார் உடைத்தாலும் கூட்டுவது நான்தான். குனிந்து கடைசி விதையைப் பொறுக்கும்போதெல்லாம், நான் வாய் திறப்பேன் என்று நம்பி வலியோடு காத்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.