மகால் வாசலில் அம்மா நிற்பதாகச் சொன்னேன்

அந்தக் காரைத் திருப்பி அனுப்பத்தான் விடிவதற்கு முன்னால் ரோட்டுக்குப் போனேன்.

எங்கள் ஊருக்குக் கார் வராது. ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் கொடைக்கானலிலிருந்து வரும் ரோடு. அங்கே இருக்கிற தைலமரத்தடியில், தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு வருகிற முதல் புதன்கிழமை, காலை நாலு மணிக்கு வண்டியோடு நிற்பதாக டிரைவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னது கார்த்திகையில். மார்கழியில் அம்மா இறந்துபோனாள். அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அம்மாவுக்கு பஸ் ஆகாது. ஒரே ஒரு தடவை வத்தலக்குண்டுக்கு ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனாள். முதல் வளைவிலேயே குமட்டல். நிறுத்தச் சொன்னதற்கு கண்டக்டர் ஏசியிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் மலையை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் மதுரையில் மகாலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு இருந்தது. எங்கள் பூண்டுக் காட்டுக்கு ஒரு வழக்கு நடந்தது. கோர்ட்டு அப்போது அந்த மகாலுக்குள்ளேதான். அப்பா வாய்தாவுக்கு வாய்தா அங்கே போய் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவார். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும், சித்திரை வெயிலிலும் அந்தத் தூண் சில்லென்று இருக்கும், அதில்தான் சாய்ந்து நின்றேன் என்பார். எனக்கு எட்டு வயதாகும்போது அப்பா தவறிப்போனார். "உங்கப்பா நின்ன எடத்த நான் பாக்கணும்" என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள்.

காரில் போனால் சொன்ன இடத்தில் நிறுத்துவார்கள். அதற்காகத்தான் பிளசர். எங்கள் பக்கத்தில் வாடகைக் காரை அப்படித்தான் சொல்லுவோம். கோர்ட்டு பத்தரைக்குக் கூடிவிடும், அதற்கு முன்னால் போனால்தான் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதால் நாலு மணிக்கே கிளம்புவது என்று பேச்சு.

டிரைவர் கொடைக்கானல் சந்தையில் பழக்கம். அம்மா ஞாயிற்றுக்கிழமை பூண்டு விற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கார் ஸ்டாண்டு. ஒரு நாள் அவர் வண்டியைப் பின்னால் எடுத்து அம்மாவின் சாக்கு மேலேயே ஏற்றிவிட்டார். அம்மா கத்தவில்லை. நசுங்கினதை எல்லாம் ஒரு துணியில் அள்ளிக் கட்டி அவர் கையில் கொடுத்து, "கொண்டு போங்க. ஒங்க வீட்டுல ஒரு மாசத்துக்குத் தட்ட வேண்டியதில்ல" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு அம்மா, அத்தை. நான் மாப்பிள்ளை.

அம்மாவுக்கு வந்தது நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. ஒரு கம்பளியைக் கம்பில் கட்டி, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். பூண்டு லாரி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஏழு மைல். நடந்தோம். மூன்றாவது மைலில் கம்பு கனத்தது. பக்கத்தில் வந்தவர் கம்பளியை விலக்கிப் பார்த்தார். அவ்வளவுதான்.

டிரைவர் அந்த ஏழு மைலுக்கு அப்பால் இருந்தார். காய்ச்சல் கண்ட முதல் நாளே நான் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கார் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அது மகால் பார்க்கப் போகிற கார் என்றுதான் மனசில் பதிந்திருந்தது. கருமாதி முடிந்து ஒரு நாள் வேலியோரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அதிலிருந்து சந்தைப் பக்கம் நான் போகவே இல்லை.

தைலமரத்தடியில் சொன்னபடி வண்டி நின்றது. நல்ல பனி. அவர் இறங்கி கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "என்ன மாப்ள, தனியா வாற? அத்தை பின்னால வருதா? டார்ச்சு கொண்டாறவா?" என்று கேட்டுக்கொண்டே பின்கதவைத் திறந்தார். சீட்டில் ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தது. மேலே வாந்தி எடுக்க ஒரு பழைய பால்பொடி டப்பா, நாலு எலுமிச்சம்பழம்.

"அத்தைக்கு. வளைவுல ஒரு பழத்த மோந்துக்கிட்டே வந்தா கொமட்டாது."

அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

"அம்மா முந்தாநாளே மதுரைக்குப் போயிருச்சுண்ணே. சித்தி வீட்டுக்கு. மகால் வாசல்ல வந்து நிக்கும்."

"பஸ்ஸுலயா?"

"பூண்டு லாரியில."

வராத லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். எனக்குச் சித்தியே கிடையாது.

அவர் ஜமுக்காளத்தைப் பார்த்தார். "நான் இம்புட்டும் எடுத்து வச்சிட்டு வாறேன், அத்தை லாரியில போயிருக்கு. லாரியில மட்டும் கொமட்டாதாக்கும். இருக்கட்டும், நேர்ல கேட்டுக்கிறேன். ஏறு, வெரசா போவோம்."

பின்சீட்டு முழுக்க நான் ஒருத்தன். கொடைக்கானல் தாண்டி மலை இறங்குகிற வரைக்கும் அவர் அம்மாவைப் பற்றியே பேசினார். "ஒரு மிஷன் வெள்ளக்காரம்மா வந்துச்சு மாப்ள. நல்லா தமிழ் பேசும். பூண்ட மோந்து பாத்துட்டு, வாசம் ரொம்ப ஜாஸ்தினு மூக்கச் சுருக்குச்சு. அத்தை என்ன சொல்லுச்சு தெரியுமா? வாசம் வேணாம்னா உருளைக்கெழங்கு வாங்கிக்கங்க தாயின்னுச்சு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே ரெண்டு வீசை வாங்கிட்டுப் போச்சு."

நானும் சிரித்தேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு சிரித்தேன். எங்கள் ஊரில் யாரும் அம்மாவைப் பற்றி இப்படிப் பேசவில்லை. அங்கே எல்லோரும் பாவம் என்றார்கள். இந்தக் காருக்குள் அவள் மதுரையில் இருந்தாள், சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வளைவாக விட்டுக்கொண்டே வந்தேன். வளைவும் தீர்ந்துபோனது.

நிலக்கோட்டையில் பூக்காரர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். "பூ வேணாம்ப்பா. அத்தை பூ வைக்காது" என்று அவர்களை விலக்கிவிட்டு, அவர் இறங்கிப் போய் ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். "வெள்ளனே எந்திரிச்சு வந்து நிக்கும். வெறும் வயிறாக் கெடக்கும்."

ஒன்பது மணிக்கு முன்பே மகாலுக்கு வந்துவிட்டோம். அவ்வளவு பெரிய சுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதை நிமிர்ந்து பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. வாசலில் மனு எழுதுகிறவர்கள் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். கேஸுக்கு வந்தவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "எங்கயும் காணமே. சித்தி வீடு எந்தத் தெரு?"

"தெரியாதுண்ணே."

"தெரியாமயா அனுப்பி வச்ச?"

அவர் ஒரு சுற்று போய் வந்தார். வயதான பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் எல்லாம் குனிந்து முகத்தைப் பார்த்தார். ஒரு பாட்டியிடம், "இங்க மலைக்காரம்மா யாரும் நின்னாங்களா? கொஞ்சம் கட்டையா இருக்கும், சால்வை போத்தியிருக்கும்" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "இந்தப் புழுக்கத்துல எவ சால்வை போத்துவா?" என்றாள் பாட்டி. "எங்க அத்தை போத்தும்" என்றார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் முகம் மாறிவிட்டது. "ஏலே, எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள. பாத தவறி எங்கயாச்சும் போயிருச்சா? வா, ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

"அண்ணே, தேடாதீங்க. அம்மா செத்துப்போச்சு."

அந்த வார்த்தையை அதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஊருக்கு ஆள் போய்ச் சொன்னது. என் வாயால் முதல் முதலில் சொன்னது மகால் வாசலில்தான்.

அவர் என் கையை விட்டார்.

"எப்ப?"

"மார்கழியில. ரெண்டாவது செவ்வாக்கெழம."

"எப்பிடி?"

சொன்னேன். கம்பளியில் கட்டித் தூக்கினது, லாரி வராதது, மூன்றாவது மைல். முடித்த பிறகு, "ரெண்டாவது செவ்வா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "அன்னிக்கு வண்டி ஸ்டாண்டுலதான் கெடந்துச்சு. சவாரியே இல்ல. வியாழக்கெழமதான் நான் மாலை போட்ட சாமிமாருகள ஏத்திக்கிட்டுக் கீழ எறங்குனேன். அப்புறம் தைப்பூசச் சவாரி, நேத்துதான் மலை ஏறுனேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆள விட்டிருக்கலாம்ல மாப்ள?"

"நெனப்பு வரலண்ணே."

"நெனப்பு வரல." அதைத் திரும்பச் சொன்னார், அவ்வளவுதான். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கையில் இருந்த பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அந்தப் பாட்டியிடம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"போ. உள்ள போயி பாத்துட்டு வா. கோர்ட்டு கூடிரும்."

"நீங்க வரலையா?"

"எத்தனையோ பார்ட்டியக் கூட்டியாந்து பாத்துட்டேன். நீ போ."

தனியாகப் போனேன். உள்ளே எங்கே பார்த்தாலும் தூண். அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. அந்தத் தூண்களுக்கு நடுவில் மேசையும் பீரோவும் கயிறு போட்டுக் கட்டின காகிதக் கட்டுகளும் கிடந்தன. மேலே புறாக்கள். அப்பா எதில் சாய்ந்து நின்றார் என்று கண்டுபிடித்து விடலாம் என்று வீட்டிலிருந்து யோசிக்கும்போது தோன்றும். இங்கே எல்லாத் தூணும் ஒன்றுபோல் இருந்தது. ஒன்றில் முதுகைச் சாய்த்தேன். அவர் சொன்னது நிஜம்தான், சில்லென்று இருந்தது. அம்மா கூட வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மலையில் இருக்கும்போது அவள் சொல்வது எனக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே அவள் குரலே வரவில்லை.

யாரோ ஒரு பெயரை மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட்டார்கள். ஒரு ஆள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகன் என்னிடம் வந்தான்.

"நீ எந்தக் கேஸு?"

"கேஸு இல்லைங்க. பாக்க வந்தேன்."

"பாத்தாச்சுல்ல? நகரு, அய்யா வாராரு."

பத்து நிமிஷம்கூட இருந்திருக்க மாட்டேன்.

திரும்பும்போது அவர் பேசவில்லை. வத்தலக்குண்டில் பெட்ரோல் போட்டார். வீண் சவாரிக்குக் கொடுக்கலாம் என்று காலையில் எடுத்து வந்திருந்த, அம்மா முடிந்து வைத்த பணத்தில் கொடுத்தேன். மலை ஏறும்போது ஒரே ஒரு தடவை, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" என்றார். "மூச்சுக்கு மட்டும்" என்றேன். "பேசுச்சா?" "தூக்கும்போது, மெதுவாப் போங்கப்பா, கொமட்டுதுன்னுச்சு." கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குத் தைலமரத்தடியில் நிறுத்தினார். நான் இறங்கினேன். அவரும் இறங்கி வண்டியைப் பூட்டினார்.

"அண்ணே, எங்க?"

"கேதம் கேக்காம எப்பிடிப் போறது?"

ரோட்டில் ஓடிப் பழகினவர். ஏற்றத்தில் மூச்சு வாங்கினார். நான் முன்னால் நடந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே நாலைந்து பெண்கள் பூண்டைப் பின்னிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஆளைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து வந்தாள்.

"யாருப்பா இது? என்ன சோலியா வந்தாக?"

"பிளசர்க்காரருங்க. அம்மாவுக்குக் கேதம் கேக்க வந்திருக்காரு."

புது ஆள் கேதத்துக்கு, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தால் பெண்கள் மறுபடியும் அழவேண்டும். எத்தனை நாள் ஆனாலும் அது முறை. பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பூண்டைப் போட்டுவிட்டு வந்து தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மா இழுத்துச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

"பிளசரு வந்து நிக்குதே, ஆத்தா, பின்கதவு தொறந்திருக்கே. ஏறிப் போக ஆளில்லாம எங்கள விட்டுப் போனியே."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். முறைப்படி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். நான் தொட்டேன். ஈரமாக இருந்தது, ஏறி வந்த வேர்வையோ என்னவோ. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. காரியம் நடந்த பதினாறு நாளும் வராத அழுகை. பெரியம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

எழுந்து பார்த்தபோது அவர் இல்லை. கேத வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல்தான் போகவேண்டும். அதனால் அவர் முறைக்காக அப்படிப் போனாரா, என்மேல் இருந்த மனத்தாங்கலில் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூண்டுக்குத் திரும்பினார்கள்.

அவருக்குப் பிறகு கேதம் கேட்க யாரும் வரவில்லை. அவர்தான் தெரியாமல் இருந்த கடைசி ஆள்.