புசல்லாவை ஏற்றத்தில் இரண்டு கலன் பெற்றோல்

கண்டியிலிருந்து புசல்லாவைக்கு இருபத்து நான்கு மைல். நல்ல காரில் ஒன்றரை மணி நேரம் போதும். 1933 மே மாதத்து ஞாயிறு ஒன்றில் எனக்கு அது ஐந்து மணி நேரம் பிடித்தது. காரணம் பாதையல்ல, காருமல்ல. காரில் அந்தப் பக்கம் போக எண்ணுகிறவர்களுக்கு உதவுமே என்று, வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பிலோமினாவின் தம்பி அந்தோனி, புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவனுடைய வேலையைப் பற்றி நான் ஒரு கேலிச் சொல் சொல்லிவிட்டேன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. அந்த இடைவெளியில் அவனுக்கு முதல் பிள்ளை பிறந்து, பதினெட்டாம் நாள் ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோனது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் மயானத்தில் இடமில்லை என்று வேலிக்கு வெளியேதான் அடக்கம் செய்தார்கள். அதற்கும் நாங்கள் போகவில்லை. இப்போது இரண்டாவது ஆண்பிள்ளை, மூன்று வாரக் குழந்தை, கொஞ்சம் பலவீனமானது. "மச்சான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும்" என்று அந்தோனி தானாகவே கடிதம் எழுதியிருந்தான். கடிதத்தை வாசித்து முடிக்கும் வரை பிலோமினா கதிரையில் உட்காரவே இல்லை.

தோட்டத்துச் சிறு கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். பத்து மணிக்குப் பூசை, பூசை முடிந்ததும் ஞானஸ்நானம், பிறகு மலையைத் தாண்டி அடுத்த தோட்டம். அன்று தவறினால் இன்னும் ஒரு மாதம்.

இனி என் கெட்டிக்காரத்தனம். தேயிலை விலை விழுந்து, நான் வேலை பார்க்கும் கடையில் சம்பளத்தைக் குறைத்த நாளிலிருந்து, பெற்றோல் மிச்சம் பிடிப்பதில் கண்டியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். மற்றவர்கள் ஒரு கலனுக்கு இருபது மைல் ஓடினால் நான் இருபத்தைந்து ஓடுவேன். இறக்கம் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருள விடுவேன். காற்று குறைந்த டயர் வண்டியைப் பிடித்து இழுக்கும் என்பதால் வாரம் தவறாமல் காற்றடிப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, டாங்கியில் ஒருபோதும் இரண்டு கலனுக்கு மேல் ஊற்ற மாட்டேன். பத்துக் கலன் சுமந்தால் அந்தச் சுமையை இழுக்கவே பெற்றோல் செலவாகும் என்பது என் சித்தாந்தம். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஓடியதெல்லாம் பெரும்பாலும் ஏற்றம் குறைந்த கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, குருநாகல் பக்கம் என்பதை அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

காலை ஏழரைக்குக் கண்டியை விட்டோம். புறப்படுவதற்கு முன்பு முன் ஆசனத்தைத் தூக்கி, கோடு கீறிய குச்சியை டாங்கிக்குள் விட்டு அளந்தேன். சரியாக இரண்டு கலன். போக ஒரு கலன், திரும்பிக் கம்பளை வரை அரைக் கலன், கையிருப்பு அரைக் கலன். பேராதனைச் சந்தி நாலாம் மைல். அங்கிருந்து கெலிஓயா வழியாகக் கம்பளை வரை பாதை பெரும்பாலும் சமதரை, ஆற்றோரமாக ஓடும் நல்ல பாதை. எட்டு மணி முப்பத்தைந்துக்குக் கம்பளைக் கடைத்தெருவில் நின்றோம். அங்கே பெற்றோல் பம்பு இருக்கிறது.

"இங்க கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போவோங்க. மேல ஏத்தம்னு அந்தோனி எழுதியிருக்கானே" என்றாள் பிலோமினா.

அங்கே விலை கண்டியைவிடக் கலனுக்கு ஐந்து சதம் கூட. "கணக்கு எனக்குத் தெரியும். நீ பேசாம வா" என்றேன்.

கம்பளையை விட்டதும் பாதை ஏறத் தொடங்குகிறது. முதல் மூன்று மைல் மெதுவான ஏற்றம். பிறகு வளைவுக்கு வளைவு செங்குத்தாகிறது. இருபுறமும் தேயிலை. பஸ் எதிரே வந்தால் ஓரம்கட்ட இடம் தேட வேண்டும். பதினெட்டாம் மைல் தாண்டி ஒரு வளைவில், ஒன்பது இருபதுக்கு, கார் இருமியது, திக்கியது, நின்றது. பின் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு முன்னால் போய் இயந்திரத்தைச் சுழற்றினேன். அரை நிமிடம் ஓடி மறுபடி நின்றது.

குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒன்றேகால் கலன் இருக்கிறது. ஆகவே குற்றம் கார்புரேட்டரில்தான் என்று தீர்மானித்தேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கோட்டைக் கழற்றி பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, ஊதி, மாட்டினேன். பத்து மணி. ஓடவில்லை. குழாயைக் கழற்றி ஊதினேன். பத்தரை. ஓடவில்லை.

வளைவுக்குக் கீழே ஒரு தேநீர்க்கடை. கடைக்காரர் ஐம்பது வயதுள்ள முஸ்லிம் மனிதர், 'நானா' (அண்ணன்) என்று எல்லோரும் கூப்பிடுகிறவர். வெகு நேரமாக அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"தம்பி, டாங்கில எவ்வளவு ஈக்கிது?"

"ஒன்றேகால் கலன் இருக்கு நானா. எண்ணெய்க்குக் குறைவில்ல."

"கொறவுதான். ஒங்கட டாங்கி ஆசனத்துக்குக் கீழ. இஞ்சின் முன்னுக்கு. ஏத்தத்தில மூக்கு மேல போனா இஞ்சின் ஒசரம், டாங்கி பள்ளம். கொஞ்சூண்டு எண்ணெ எப்பிடி மேட்டுக்கு ஓடும்? வண்டியத் திருப்பிப் போட்டு, பின்னுக்கு ஏத்துங்கோ."

"பின்னுக்கா? இந்தப் பாதையிலயா?"

"தோட்டத்து வெள்ளக்காரத் தொரமாரும் அப்பிடித்தான் ஏத்துவாங்க. எண்ணெ கொறஞ்சா தொர என்ன, தொழிலாளி என்ன."

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கியது. அப்போதே திருப்பியிருந்தால் பதினொன்றே முக்காலுக்காவது கோயில் வாசலில் நின்றிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து கடையடியில் நின்றது. பஸ் நிறைய ஞாயிற்றுக்கிழமைச் சனம். கஞ்சி போட்ட சட்டையும் டையுமாக, பின்பக்கத்தை முன்னே காட்டிக்கொண்டு அவர்கள் கண்முன் மலை ஏறுவதா? "இன்னொரு தடவை குழாயைப் பார்க்கிறேன் நானா" என்றேன். பஸ் போன பிறகும், அடுத்த பஸ் வருமோ என்று குழாயையே ஊதிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் அப்படிப் போனது.

கடைசியில் பிலோமினா இறங்கி வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "மானம் போனாப் போகுதுங்க. சாமி போயிட்டா என்ன செய்யிறது? மூணு வருசத்துக்குப் பெறகு கூப்பிட்டிருக்கான்."

பதினொன்றேகாலுக்குக் காரைத் திருப்பினோம். கடைக்கார நானா ஒரு சில்லைப் பிடித்துத் தள்ளினார். பின்பக்கமாக வைத்ததும் இயந்திரம் முதல் சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது. ஒன்றேகால் மைல் தூரம் கழுத்தைத் திருப்பியபடி, நடக்கும் வேகத்தில், பின்னுக்கு ஏறினேன். பிலோமினா ஒவ்வொரு வளைவிலும் இறங்கி முன்னால் ஓடி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக் கைகாட்டினாள். சேலைக் கரை எல்லாம் சேறு. கொழுந்துச் சாக்கு ஏற்றிய ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

ஏற்றம் தணிந்த இடத்தில் நேராகத் திருப்பி, புசல்லாவைக் கடைத்தெருவைப் பன்னிரண்டு ஐந்துக்கு அடைந்தேன். இரண்டு கலன் டின் ஒன்று வாங்கினேன். கம்பளை விலையைவிடக் கலனுக்குப் பத்துச் சதம் கூட. எண்ணிக் கொடுத்தேன். அங்கிருந்து தோட்டப் பாதை மூன்று மைல். பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலில் நிறுத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. கோயில் பூட்டியிருந்தது. அந்தோனி மட்டும் கூரைத் தாழ்வாரத்தில் நின்றான்.

"சாமி பன்னெண்டு மணி வரைக்கும் இருந்தாரு மச்சான். மலைக்கு மேல குறுக்குப் பாதையில நடந்து போயிட்டாரு."

"பிள்ளைக்கு?"

"வேற யாரயாச்சும் ஞானத்தகப்பனா நிறுத்தித் தண்ணி ஊத்திருவோம்னு சாமி சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். மச்சான் கட்டாயம் வருவாருன்னு சொன்னேன்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வண்டி பழுதாகிவிட்டது என்று பிலோமினா சொல்ல வாயெடுத்தாள். நான் தடுத்து, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். குச்சி, இரண்டு கலன், கம்பளைப் பம்பு, பஸ் சனம், எல்லாம். அந்தோனி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எவ்வளவு மிச்சமாச்சு மச்சான்?" என்று மட்டும் கேட்டான். கேலி இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கம்பளையில் இரண்டு கலன் ஊற்றாமல் விட்டதில் மிச்சம் பத்துச் சதம்.

குழந்தையைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். புசல்லாவையிலிருந்து கம்பளை வரை முழுக்க இறக்கம். வழக்கமாக நான் உருளவிடும் பாதை. அன்று இயந்திரத்தை நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடையில் பம்பு கிடையாது. டாங்கி ஆசனத்துக்குக் கீழே உள்ள கார் என்றால் பாதிக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டு ஏறுங்கள். ஹேவாஹெட்ட, ஹந்தானைப் பாதைகளுக்கும் இதே கதைதான். ஏற்றத்தில் நின்றுவிட்டால் கார்புரேட்டரைத் தொடும் முன் குச்சியைப் பாருங்கள், குச்சி குறைவு காட்டினால் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று திருப்பிப் போடுங்கள். இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் பெற்றோல் மிஞ்சும், உண்மைதான், ஆனால் பதினொரு மைல் இறக்கத்தைப் பிரேக்கே தாங்க வேண்டிவரும். டயருக்குக் காற்றடிப்பது மட்டும் இன்றும் நான் விடாத சிக்கனம். அதில் யாருக்கும் நட்டமில்லை.

ஜூன் மாதம், சாமியார் வருவதற்கு முதல் நாள் சனிக்கிழமையே, டாங்கி நிறைய ஊற்றிக்கொண்டு போய்விட்டோம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அந்தோனி குடியிருந்த லயத்து வாசலில் நின்றோம். ஞாயிறு பூசை முடிந்து ஞானஸ்நானத் தொட்டியடியில் நின்றபோது, அந்தோனியின் மனைவி செசிலி குழந்தையை என் கையில் கொடுத்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்து, ஆளே பாதியாகியிருந்தாள்.

"உடம்புக்குச் சரியில்லையாம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லண்ணே. பிள்ளைக்கு ஆபத்து வந்தா நீங்களே ஞானஸ்நானத் தண்ணி ஊத்துங்கன்னு சாமி அன்னைக்குச் சொல்லிட்டுப் போனாரு. மூச்சு நிக்கிறதுக்குள்ள ஊத்தணுமே. அதான் தலமாட்டுல செம்புத் தண்ணிய வச்சுக்கிட்டு, இந்த ஒரு மாசமும் ராத்திரியில நான் தூங்கல."

என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. சாமியார் புத்தகத்தைத் திறந்தார். குழந்தை என் கையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.